சர்க்கரை பார்க்கும் வரிசையில் மனச்சோர்வும்: தருமபுரிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் முதியோர் சேவை

தருமபுரி மாவட்டத்துக் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில், தொற்றா நோய்ப் பிரிவுக்கு வரும் முதியவர்களிடம் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதோடு, மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்டு, இருந்தால் அங்கேயே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். என் பெரியம்மாவை ஓராண்டுக்கும் மேலாக அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்டுபிடிப்பதில் இந்தச் சேவை நன்றாக இருக்கிறது, மருந்து தருவதில் பரவாயில்லை, தொடர்ந்து கவனிப்பது யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது, அந்தரங்கம் காப்பதில் மோசம். அப்படியும் வீட்டில் வயதானவர் ஒருவர் மாதக்கணக்கில் சோர்ந்து கிடந்தால் முதலில் இங்கேதான் அழைத்துப் போகச் சொல்வேன்.

பொதுச் சுகாதாரத்தில் இந்த வட்டாரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது அண்டை கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுப்பதும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைப்பதும் இன்று எங்கள் ஊர்களில் வழக்கமாகிவிட்டன. சர்க்கரை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்பதை எழுபது வயது மூதாட்டிகள்கூட எண்ணாகச் சொல்கிறார்கள். மனதின் நிலைமைக்கு அப்படி ஒரு எண் இல்லாததால் அது கணக்கில் வராமல் கிடந்தது. இந்திய அளவில் நடந்த முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின் முதல் சுற்று, 2017-18-ல் நாற்பத்தைந்து வயதைக் கடந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. அறுபதைக் கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினருக்குப் பெரும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருப்பதாக அதில் தெரிந்தது. ஆனால் மருத்துவர் தங்களுக்கு மனச்சோர்வு என்று சொல்லியிருப்பதாகக் கூறியவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேர் யார் கண்ணிலும் படாமலே இருந்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். அப்படி விடுபட்டவர்களில் பெரும்பாலோர் வேறு ஏதோ ஒரு நோய்க்காக ஏதோ ஒரு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஏன் கண்ணில் படுவதில்லை என்பது எங்கள் பகுதியில் சற்று நேரம் உட்கார்ந்து கேட்டாலே விளங்கும். முதியவர்கள் 'மனம் சோர்ந்திருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. உடம்பு அசதி, மூட்டுவலி, தலை கிறுகிறுப்பு, சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஞாபகம் மறக்கிறது என்றுதான் வருகிறார்கள். வலி பொய்யில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த தலைமுறைக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போனது உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும், முன்பே எலும்பில் ஏறியது எளிதில் இறங்குவதில்லை. ஆகவே 'முட்டி வலிக்குது' என்ற சொல்லுக்குப் பின்னால் நிஜமான தேய்மானமும், வலியால் வெளியே போகாமல் முடங்கியதும், முடங்கியதால் வந்த சோர்வும், சோர்வால் இன்னும் கூடுதலாக உணரப்படும் வலியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மருத்துவர் வலி மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதில் ஓர் அடுக்குக்கு மட்டும் மருந்து கிடைக்கிறது.

அத்தோடு வீடுகள் வெறிச்சோடிவிட்டன. மகன்கள் பெங்களூரில் கட்டட வேலையிலும் ஓசூர்க் கம்பெனிகளிலும் திருப்பூர்ப் பனியன் வேலையிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கைப்பேசித் திரையில் வந்து போகிறார்கள். என் பெரியம்மாவின் வீடும் அப்படித்தான். பெரியப்பா இறந்தபின் இரண்டு ஆடுகளும் கேழ்வரகு விளையும் அரை ஏக்கர் மானாவாரி நிலமும் அவருக்குத் துணை. ஆடுகளை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டபோது முட்டிவலி காரணம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சேவைக்கு வருகிறேன். வெளிநோயாளர் சீட்டு காலையிலேயே கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதியவர்களுக்குத் தனி வரிசை என்று பலகை இருக்கிறது. கூட்டம் இல்லாத நாட்களில் அதை மதிக்கிறார்கள், கூட்டம் உள்ள நாட்களில் பலகை மட்டும் நிற்கிறது. தொற்றா நோய்ப் பிரிவில் ஒரு செவிலியர், ஒரு மேசை, இரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் சிறு கருவி. எடை பார்த்து, விரல் நுனியில் குத்தி, பட்டையைக் கையில் சுற்றி, அட்டையில் எழுதும் வரை வேலை வேகமாக நடக்கிறது. அதன் பிறகுதான் இந்த நிலையத்தை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் அந்தக் கட்டம். செவிலியர் பேனாவை வைத்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கிறார். கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்தோ நம்பிக்கையற்றோ இருந்ததா என்பது ஒன்று. பிடித்த வேலைகளில்கூட நாட்டம் இல்லாமல் போனதா என்பது மற்றொன்று. உலகெங்கும் அடிப்படை மருத்துவத்தில் பயன்படும் இரு கேள்விச் சோதனைதான் இது. ஆனால் அவர் கேட்ட விதம் படிவத்தில் இல்லாதது.

"ஆயா, ஆட்டை வித்துட்டீங்களாமே, வேற ஏதாச்சும் வேலை செய்யத் தோணுதா, இல்ல எதுலயுமே மனசு ஒட்டலையா?"

"என்னத்தக் கண்ணு செய்யறது. விடிஞ்சா பொழுது போறதில்ல, படுத்தாத் தூக்கமில்ல. யாருக்காவ ஒல வெக்கறது?"

இதைச் சொன்னபோது பெரியம்மா அழவில்லை. ரேஷன் கடையில் அரிசி வரவில்லை என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை பேசும் எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. அந்தச் செவிலியர் ஆட்டைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான். பயிற்சி பெற்றவர்கள் பலர் படிவத்தை அப்படியே வாசித்துவிட்டு 'இல்லை' என்று குறித்துக்கொள்வார்கள்.

இரண்டில் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்று பதில் வந்தால், முதியோருக்கான மனச்சோர்வு அளவுகோலின் பதினைந்து கேள்விச் சுருக்கத்துக்குப் போகிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் முதலில் முப்பது கேள்விகளோடு உருவாகி, பின்னர் பதினைந்தாகச் சுருக்கப்பட்ட இந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததற்காக இந்த நிலையத்தைப் பாராட்டுகிறேன். பொதுவாகப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவத்தில் தூக்கம், பசி, களைப்பு ஆகியவை மதிப்பெண் பெறும். எழுபது வயதில், சர்க்கரை நோயோடு, இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தூக்கமும் களைப்பும் மனச்சோர்வால்தான் கெட்டன என்று எப்படிச் சொல்வது? முதியோர் அளவுகோல் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, வாழ்க்கையில் நிறைவு இருக்கிறதா, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, தான் பயனற்றவர் என்று தோன்றுகிறதா, வெளியே போவதைவிட வீட்டில் இருக்கவே விரும்புகிறாரா என்பவற்றை ஆம், இல்லை என்ற பதில்களால் கேட்கிறது. எழுத்தறியாதவருக்கும் வாய்மொழியாகக் கேட்கலாம். ஐந்துக்கு மேல் போனால் மருத்துவர் மேலும் பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு அந்த எல்லையை நன்றாகவே தாண்டியிருந்தது.

இங்கே ஒரு குறை. கிருஷ்ணகிரி எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வருபவர்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் ஏராளம். சந்தைக்கும் பேருந்துக்கும் போதுமான தமிழ் அவர்களுக்கு இருக்கிறது. உள்ளுக்குள் இருக்கும் வெறுமையைச் சொல்ல அது போதாது. ஒரு கன்னடம் பேசும் பெரியவரிடம் தமிழில் பதினைந்து கேள்விகளையும் கேட்டு, அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியதை அப்படியே குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மருந்தாளுநருக்குக் கன்னடம் தெரியும் என்பது பிறகு தெரிந்தது. இரு மொழிகளிலும் கேள்விகளை எழுதி மேசையில் ஒட்டிவைக்கப் பெரிய செலவு ஆகாது.

அந்தரங்கக் குறை இதைவிடப் பெரிது. கேள்வி கேட்கும் மேசைக்கும் வரிசைக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. பின்னால் நிற்பவர்கள் அதே ஊர், அதே தெரு, சில நேரம் சம்பந்தி வீட்டார். 'மருமக சோறு போடறாளா' என்ற திசையில் பேச்சு திரும்பினால் எந்த மூதாட்டி வாய் திறப்பார்? கொஞ்சம் தள்ளி ஊசி போடும் அறை பாதி நேரம் காலியாகவே இருக்கிறது. அங்கே அழைத்துப் போய்க் கேட்கலாமே என்று நான் கேட்டதற்கு, மேசையை விட்டு நகர்ந்தால் வரிசை தேங்கிவிடும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் அங்கே அழைக்கச் சொல்லவில்லை, இரு கேள்விகளில் சிக்கியவர்களை மட்டும்தான்.

தற்கொலை எண்ணம் குறித்த கேள்வியை அவர்கள் கையாண்ட விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'இந்த உயிரு போகமாட்டேங்குதே' என்பது எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு என்பதால் வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மருத்துவர் அதை அப்படியே விடவில்லை. சாவு வந்தால் நல்லது என்று நினைப்பதோடு நிற்கிறதா, தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டார். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மையில் கேட்பது பேசுவதற்கு வழி திறக்கிறதே தவிர ஆபத்தைக் கூட்டுவதில்லை. பெரியம்மா 'இல்லை' என்றார். அதோடும் விடாமல், வீட்டில் பயிருக்கு அடிக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டு, அதை வேறு வீட்டுக்கோ பூட்டுக்கோ மாற்றச் சொன்னார். விவசாய வீடுகளில் ஒரு கணத்து எண்ணத்துக்கும் உயிரிழப்புக்கும் நடுவில் நிற்பது பல நேரம் அந்தப் புட்டி கைக்கு எட்டுகிறதா என்பதுதான். இந்த ஒரு கேள்விக்காகவே அந்த மருத்துவரை நான் உயர்வாக மதிக்கிறேன்.

மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்ததும் சரியான வரிசை. இரத்தசோகையும் தைராய்டுச் சுரப்புக் குறைவும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். நீரிழிவுக்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அதுவும் களைப்பாகவும் மறதியாகவும் வெளிப்படும். இரத்தச்சோகைப் பரிசோதனை நிலையத்திலேயே ஆனது. தைராய்டுக்கான மாதிரியை வெளியே அனுப்பினார்கள், முடிவு வர நாளானது. பி12 பார்க்க வசதியில்லை என்பதால் தருமபுரி நகரத்தில் ஓர் ஆய்வகத்தில் எங்கள் செலவில் பார்த்தோம். அடித்தட்டு நோயாளி ஒருவர் அந்த இடத்தோடு நின்றுவிடுவார்.

மாத்திரை, குறைந்த அளவில் தொடங்கிய செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து. 'இது தூக்க மாத்திரை இல்லை, பழக்கமாகிவிடாது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது, குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும்' என்று மருத்துவர் சொன்னார். சொல்லாமல் விட்டதும் உண்டு. இந்த வகை மாத்திரையோடு மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் மாவட்டங்களில் இதை மருந்து கொடுக்கும் சாளரத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். கேட்கவில்லை. வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டமோ குழப்பமோ வரக்கூடும் என்பதையும், அப்படி வந்தால் உடனே வரவேண்டும் என்பதையும் சீட்டில் ஒரு வரி எழுதித் தந்திருக்கலாம். மாத்திரை கையிருப்பு பெரும்பாலும் இருந்தது, ஒருமுறை மட்டும் பாதி நாட்களுக்கே கிடைத்தது. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தால் தன்னார்வலர் வரை தகவல் போய்விடுகிறது, இந்த மாத்திரை தீர்ந்தால் நோயாளிதான் நடக்க வேண்டும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது மருந்தைச் சாராதது. மனநல ஆலோசகர் மாதத்தில் குறித்த ஒரு நாளில் வருகிறார். நான் எதிர்பார்த்தது அறிவுரை, நடந்தது வேறு. பெரியப்பா இருந்த காலத்தில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று மணிவாரியாகச் சொல்லச் சொன்னார். காலையில் ஆடு, பகலில் காடு, மாசி பங்குனியில் புளி. எங்கள் பக்கத்தில் புளிக்காலம் என்றால் திண்ணைகளில் பெண்கள் கூடி உட்கார்ந்து ஓட்டைத் தட்டி உடைத்து, நாரை உருவி, கொட்டையைக் குத்தி எடுப்பார்கள். வியாபாரி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கிலோ கணக்கில் கூலி கொடுப்பார். முட்டி மடக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை அது. ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டார். முதல் வாரம் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்தால் போதும், வேலை செய்ய வேண்டியதில்லை. அடுத்த வாரம் ஒரு கூடை. கூலி வந்தால் அது என்ன ஆனது என்று வந்து சொல்ல வேண்டும். மனம் சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்கும் நோயாளியை, சிறு வேலையில் தொடங்கவைத்து அதன் வழியே மனதைத் தூக்கும் முறை இது. பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். சில வாரங்கள் கழித்து என்னைத் தொலைபேசியில் அழைத்து, வியாபாரி எடைபோடும்போது கிலோவுக்கு எவ்வளவு ஏமாற்றுகிறான் என்று கால் மணி நேரம் திட்டினார். மாத்திரை வேலை செய்ததா திண்ணை வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் அப்படித் திட்டும் பெரியம்மாவைத்தான் நாங்கள் காணாமல் தவித்துக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பெரிய மருத்துவமனையும் தேவையில்லை. 2002-ல் வெளியான அமெரிக்காவின் 'இம்பாக்ட்' ஆய்வு பதினெட்டு அடிப்படை மருத்துவ மையங்களில் அறுபது வயதைக் கடந்த 1,801 பேரிடம் நடந்தது. ஒரு பொறுப்பாளர் நோயாளியைத் தொடர்ந்து கவனித்து, குடும்ப மருத்துவருக்கும் மனநல மருத்துவருக்கும் இடையே பாலமாக இருந்த குழுவில், ஓராண்டில் 45 விழுக்காட்டினரின் அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான சிகிச்சையில் அது 19 விழுக்காடு மட்டுமே. பொறுப்பாளர் கவனித்தவர்களின் அன்றாடச் செயல்பாடும் வாழ்க்கைத் தரமும் கூடவே மேம்பட்டன. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. அங்கே மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகளோடு அடிப்படை மருத்துவ மையங்களுக்கு வந்த 181 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே வேலையைச் செய்தார்கள். ஓராண்டில் அவர்களிடம் வந்தவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கும் முழு மனச்சோர்வு வந்தது. எங்கள் ஊர்த் தன்னார்வலர் வீட்டு வாசலில் மாதந்தோறும் நிற்கிறார், மாத்திரைப் பட்டையை நீட்டுகிறார், வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி அறிவார். இதைவிடப் பொருத்தமான ஆளை எங்கே தேடுவது? இந்த நிலையத்தில் அவருக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. மனநலக் கேள்விகள் நிலையத்து மேசையோடு நின்றுவிடுகின்றன. அதன் விளைவு விசித்திரமானது: மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் நிலையத்துக்கு வர வேண்டிய தேவையே இல்லாமல் போனவர், அதாவது அதிகம் முடங்கியவர், கேள்வியே கேட்கப்படாமல் விடுபடுகிறார்.

தொடர் கவனிப்பில்தான் சேவை தடுமாறுகிறது. ஆலோசகர் வரவேண்டிய நாளில் வராமல் போனால் முன்கூட்டித் தகவல் இல்லை. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் பெரியம்மாவுக்குப் பணம் போகவில்லை, ஒரு பகல்தான் போனது. அன்று அவரோடு வந்திருந்த பக்கத்து ஊர்த் தாத்தாவுக்குச் சீட்டுக் காசும் போனது. அவர் அதன்பின் வரவேயில்லை. வராதவர்களைத் தேடும் வழக்கம் காசநோய்க்கு இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு இருக்கிறது, இதற்கு இல்லை. மனச்சோர்வின் தன்மையே வராமல் நின்றுவிடுவது என்பதால், இந்த நோயாளிக்குத்தான் தேடிப் போகும் ஏற்பாடு முதலில் வேண்டும்.

ஆண்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். வரிசையில் பெண்களே அதிகம். ஆண்களிடம் சோர்வு எரிச்சலாகவும் சண்டையாகவும், சிலரிடம் குடியாகவும் வெளிப்படுகிறது. அவர்களை வீட்டில் 'கிழவனுக்குக் குணம் கெட்டுப்போச்சு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு கேள்விகளுக்கும் 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்று பதில் சொல்லிவிட்டு எழுந்துபோகும் பெரியவர்களை இந்த நிலையம் கோட்டைவிடுகிறது. கூட வந்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, அளப்பது பற்றியது. மறுமுறை வரும்போது 'தூக்கம் பரவாயில்லையா, மாத்திரை சாப்பிடறீங்களா' என்று கேட்டு அட்டையில் குறிப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். பதினைந்து கேள்விகளை மீண்டும் கேட்டு எண் இறங்கியதா என்று ஒப்பிடுவது ஆளைப் பொறுத்திருக்கிறது. நான் கேட்பது அதற்கும் ஒரு படி மேலே. உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கமான வாழ்க்கைத் தரப் படிவம் 26 கேள்விகளில் உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகளைத் தொடுகிறது. அத்தனையும் கேட்க இங்கே நேரமில்லை என்பது தெரியும். இந்த வாரம் சந்தைக்குப் போனீர்களா, யாரோடு பேசினீர்கள், வலியால் எந்த வேலையை விட்டீர்கள் என்று மூன்று கேள்விகளாவது அட்டையில் இடம்பெறலாம். மனச்சோர்வு எண் குறைந்தும் வாசலைத் தாண்டாத முதியவர் இருக்கிறார். வலி அப்படியே இருந்தும் ஊர்த் திருவிழாவில் கூழ் ஊற்ற முன்னால் நிற்பவரும் இருக்கிறார். சிகிச்சை யாருக்குப் பலித்தது என்பதை அட்டையில் இப்போதிருக்கும் எண்கள் சொல்வதில்லை.

செலவைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. மருத்துவர், ஆலோசகர், மாத்திரை எல்லாம் இலவசம். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயில் வாழும் ஒருவர் தனியார் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்து மாத்திரையும் வாங்கினால் அந்த மாதத்துக்கு மிச்சம் என்ன இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காத்திருப்பு மட்டும் அரை நாள். புங்க மரத்தடியில் போட்டிருக்கும் சிமெண்டுத் திண்டுகளில் அந்த அரை நாளும் பேச்சிலேயே கழிகிறது. தனியாக வாழும் சிலர் தேதிக்கு முன்பே வந்துவிடுவதற்கு அதுவே காரணம் என்பது என் சந்தேகம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தனியார் மருத்துவமனை, மருந்துக்கடை, நாட்டு மருந்து என்று வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரை தொடங்குவதாக இருந்தால் வலி மாத்திரையைப் பற்றி நீங்களே கேளுங்கள். செவிலியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று முதலிலேயே சொன்னால், கூட்டம் குறையும் வரை காத்திருக்கச் சொல்வார்களே தவிர மறுக்கமாட்டார்கள். ஆலோசகர் வருகிறாரா என்பதை முந்தின நாள் தொலைபேசியில் உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். மறதி திடீரென்று கூடியவர், சாப்பாட்டை அறவே விட்டவர், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னவர் ஆகியோருக்கு இந்த நிலையத்தின் மாதாந்தர நாள் வரை காத்திருக்கக் கூடாது. தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே அழைத்துப் போக வேண்டும். நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உதவித்தொகை, பராமரிப்பு, வீட்டில் நடக்கும் கொடுமை போன்றவற்றுக்கு மூத்த குடிமக்களுக்கான 14567 பகல் நேரத்தில் கிடைக்கும்.